கடைவயலுக்கு நாங்கள் சொன்ன பொருள்

எங்கள் பஜனை மடத்தில் ஒரு சட்டம் உண்டு. பாடினால் மட்டும் போதாது. பாடிய பாட்டுக்குப் பொருள் சொல்ல வேண்டும். பொருள் சொல்லாதவனுக்குச் சுண்டல் கிடையாது. யார் சொன்ன பொருள் கூட்டத்துக்கு உருக்கமாகப் படுகிறதோ அவனுக்கு முதல் கரண்டி. யார் வைத்த சட்டம் என்று தெரியாது. அம்மன் மேல் எங்களுக்கு இருந்த பக்தி மெய்யானதுதான். ஆனால் முதல் கரண்டிச் சுண்டல் மேலும் கொஞ்சம் பக்தி இருந்தது என்பதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் விளக்கு வைத்ததும் கூடுவோம். பத்துப் பதினைந்து பேர். ஓர் ஆர்மோனியம், இரண்டு ஜால்ரா, தோல் தளர்ந்த ஒரு கஞ்சிரா. எல்லாரும் வயல் வைத்திருப்பவர்கள். ஓர் எண்ணெய்க்கடைக்காரர் மட்டும் வியாபாரி. நான் அஞ்சாம் வகுப்பு வரை படித்தவன். கையெழுத்து முத்து மாதிரி இருக்கும் என்று வாத்தியார் ஒரு காலத்தில் சொல்லப்போக, மடத்து நோட்டு என் கைக்கு வந்து சேர்ந்தது. பழனிசெட்டிபட்டிக் கடையில் வாங்கிய கெட்டி அட்டை நோட்டு. இடது பக்கம் பாட்டு, வலது பக்கம் பொருள், பொருள் சொன்னவர் யார் என்கிற குறிப்பு. அந்த நோட்டுதான் பிறகு எங்கள் எல்லாரையும் வசமாக மாட்டிவிட்டது.

மடத்துக்குத் தலைவர் எனக்குச் சித்தப்பா முறை. வாய்க்காலில் முதல் மடைக்கு நேர் கீழே அவர் வயல். எங்கள் பக்கம் தண்ணீர் வரும் விதம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். மேற்கே போய்க்கொண்டிருந்த ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து, எங்கள் பள்ளத்தாக்குக்குத் திருப்பிவிட்டார்கள். அது எங்கள் ஆற்றில் இறங்கி, ஆற்றிலிருந்து வாய்க்காலுக்கு வந்து, வாய்க்காலில் மடை மடையாகத் திறந்துவிடப்பட்டு, ஒரு வயலில் நிறைந்து அடுத்த வயலில் இறங்கி, கடைசி வயல் வரை போகும். மடையைத் திறந்து அடைத்து, ஒவ்வொரு வயலுக்கும் முறை பார்த்துத் தண்ணீர் பாய்ச்சுகிறவரை மடைக்காரர் என்போம். எங்கள் வாய்க்காலுக்கு ஒருவர் இருந்தார். எனக்கு மூன்று நான்கு வயது இளையவர், ஒல்லியான ஆள். இப்போது ‘அவர்’ என்று எழுதுகிறேன். அன்றைக்கு எங்கள் வாயில் ‘அவன்’ என்றுதான் வரும். அவருடைய ஆட்கள் எங்கள் தெருவுக்குள் வந்தால் தலையில் இருக்கும் துண்டு இடுப்புக்கு இறங்கும். எங்கள் நெல் முழுக்க அவர் கைபட்ட தண்ணீரில்தான் விளைந்தது. அது ஒரு பக்கம், இது ஒரு பக்கம் என்று இருந்துவிட்டோம்.

என் மனைவிக்கு மயிலாடும்பாறைப் பக்கம். வானம் பார்த்த பூமி. அங்கிருந்து எங்கள் ஊருக்கு வாக்கப்பட்டு வந்த புதிதில், வாய்க்கால் ஓரத்தில் நின்று ஓடுகிற தண்ணீரைப் பார்த்து, “இம்புட்டையும் ஆரும் அள்ளாம விடுறாகளே!” என்று வாயில் கை வைத்தவள். தண்ணீரைப் பற்றி யார் எது சொன்னாலும் அவள் காதில் தனியாக விழும்.

அந்தக் கார்த்திகையில் களை எடுத்துவிட்டு வந்தவள், மொச்சை உரித்துக்கொண்டே ஒரு பாட்டை முணுமுணுத்தாள். நான் சட்டென்று எழுந்து நோட்டை எடுத்தேன்.

“எங்க கத்துக்கிட்ட இதை?”

“வயல்ல” என்றாள்.

எழுதிக்கொண்டேன். பாட்டு இதுதான்.

மலைக்கு மேற்கே பொறந்த தண்ணி
மடி தேடி வந்த தண்ணி
ஆரு வயலு நீயின்னு
ஒரு நாளும் கேக்கலையே

முதல் வயலு குடிச்ச தண்ணி
கடை வயலு குடிக்கையிலே
எச்சித் தண்ணி இதுன்னு
எந்த நெல்லும் சொல்லலையே

மடை திறந்து விட்டவன் நான்
மண்ணெல்லாம் நனைச்சவன் நான்
வாசலிலே நிக்கிறேன் தாயே
வான்னு ஒரு சொல் இல்லையோ

அந்த வெள்ளிக்கிழமை ஆர்மோனியத்தில் மெதுவாக, இழுத்து இழுத்துப் பாடினோம். கூட்டம் கரைந்துவிட்டது. இப்படிப்பட்ட பாட்டு சாதாரண ஆள் வாயில் வராது, இது சித்தர் வாக்கு என்று எண்ணெய்க்கடைக்காரர் முதலிலேயே சொல்லிவிட்டார். அவர் சொன்ன பொருள்: மலை என்பது மாயை. மேற்கு என்பது போன பிறவி. தண்ணீர் என்பது ஆன்மா. அது மாயையைத் துளைத்துக்கொண்டு இந்தப் பிறவிக்கு வந்திருக்கிறது. எங்களுக்குப் புல்லரித்தது. மலையைத் துளைத்துத் தண்ணீர் வருவதை நாங்கள் எல்லாரும் கண்ணால் பார்த்தவர்கள். கூடலூர்ப் பக்கம் போனால் யாரும் பார்க்கலாம். ஆனாலும் அந்தத் தண்ணீர் ஞாபகம் ஒருவருக்கும் வரவில்லை.

அடுத்த வாரம் என் முறை. ஏழு நாள் யோசித்தேன். வயலுக்கு உரம் சுமந்துகொண்டு போகும்போதும் யோசனைதான். உடம்புக்கு ஒன்பது வாசல். அதையும் தாண்டி ஞானிகள் காண்கிற பத்தாம் வாசல் ஒன்று உண்டு. சித்தர் நிற்பது அந்த வாசலில். மடை என்றால் மூச்சு. மடை திறந்தவன் என்றால் மூச்சை அடக்கியவன். இப்படிச் சொல்லி முடித்தபோது ஒருவர் என்னைக் கும்பிட்டேவிட்டார். முதல் கரண்டி எனக்கு. இரண்டாவது கரண்டியும் எனக்கே விழுந்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள், “மூச்சா?” என்று மட்டும் கேட்டாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். பக்தியில் வாய் பொத்துகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் வாரம் சித்தப்பா. அவர் நடு நாலு வரியை எடுத்துக்கொண்டார். எச்சில் என்பது வினை. முதல் வயல் பெரியது, கடை வயல் சிறியது என்கிற எண்ணம் நமக்கு இருக்கிறவரை வினை தீராது. சொல்லச் சொல்ல அவர் குரல் உடைந்தது. “அவ சன்னிதியில முதல் வயலு, கடை வயலுன்னு ரெண்டு உண்டாப்பா? உண்டுன்னு நினைக்கிறவன் இந்தப் பாட்டை வாயால தொடக்கூடாது” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். வரி பிசகாமல் எழுதிவைத்தேன்.

அதற்குள் எண்ணெய்க்கடைக்காரர் சித்தருக்கு ஊர், வயது, சமாதி எல்லாம் கண்டுபிடித்துவிட்டார். சுருளிமலையில் ஒரு குகையாம். நானூறு வருசமாம். தைமாதம் முதல் வெள்ளியன்று அந்தச் சித்தருக்குக் குருபூசை நடத்துவது என்று ஏகமனதாக முடிவாயிற்று. ஒரு மனைப்பலகை போட்டு, அதில் சித்தர் எழுந்தருளியிருப்பதாகப் பாவித்து, சந்தனம், மாலை, வேட்டி, முதல் பிரசாதம் எல்லாம் படைக்க வேண்டியது. சுண்டல் எங்கள் வீட்டுப் பொறுப்பு.

அந்தச் செய்தியைச் சொன்ன அன்றுதான் விசயம் வெளியே வந்தது.

“குருபூசை ஆருக்கு?” என்றாள் மனைவி.

“பாட்டு எழுதின சித்தருக்கு.”

“எந்தப் பாட்டு? மடி தேடி வந்த தண்ணியா?” அவள் கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தாள். “ஏங்க, அது நம்ம மடைக்காரரு கட்டுன பாட்டுல்ல? நாங்க களை எடுக்கையில வரப்புல நின்னு பாடுவாரு. நாலாம் மடையில மம்பட்டியோட நிக்கிற மனுசனை நானூறு வருசத்துக்கு முன்னால சாகடிச்சுட்டீகளே!”

“நீ ஏன் முன்னாடியே சொல்லல?”

“எங்க கத்துக்கிட்டன்னு கேட்டீக, வயல்லன்னு சொன்னேன். ஆருகிட்டன்னு கேக்கலையே.”

உண்மைதான். வயலில் பாடுகிற பாட்டுக்குச் சொந்தக்காரர் ஒருவர் இருப்பார் என்றே எனக்குத் தோன்றவில்லை.

பிறகு அவள் இன்னொன்றும் சொன்னாள். வெள்ளிக்கிழமைகளில் மடத்துக்கு வெளியே பூவரச மரத்தடியில் மம்பட்டியை ஊன்றிக்கொண்டு மடைக்காரர் நின்று கேட்பாராம். நாங்கள் சொன்ன பொருள் அத்தனையும் அவர் காதில் விழுந்திருக்கிறது. மூச்சு, மாயை, பத்தாம் வாசல் எல்லாம். மறுநாள் வயலில் அவர் அதை நடித்துக் காட்ட, பெண்கள் களையைப் போட்டுவிட்டு உட்கார்ந்து சிரிப்பார்களாம். இவள் அன்று அடுப்படிக்கு ஓடியதன் காரணம் அப்போதுதான் புரிந்தது.

நேரே சித்தப்பாவிடம் போனேன். எண்ணெய்க்கடைக்காரரும் அங்கே இருந்தார். சொன்னேன்.

“அவன் பாட்டா?” என்றார் சித்தப்பா.

“ஆமா சித்தப்பா.”

“அப்ப பூசையை நிப்பாட்டிருவமா?” என்றார் எண்ணெய்க்கடைக்காரர். அவரே பதிலும் சொன்னார்: “எப்படி நிப்பாட்டுறது? மூணு வாரமா பாடி அம்மன் காதுல போட்டாச்சு. சித்தர் பாட்டுன்னு ஊரெல்லாம் நானே சொல்லிட்டேன்.”

சித்தப்பா நல்ல மனிதர். கெட்டவராக இருந்திருந்தால் இதை எழுதுவது சுலபம். அவர் ரொம்ப நேரம் யோசித்து ஒரு வழி சொன்னார். “பாட்டு உள்ள வந்தாச்சு. அது இருக்கட்டும். ஆளு படிக்குக் கீழ நிக்கட்டும். நாம இறங்கிப் போயி சந்தனம் பூசி, வேட்டி குடுத்து மரியாதை பண்ணுவோம். அங்கன நின்னே அவன் பாட்டையும் பாடட்டும். வேற எந்த ஊருல இப்படிப் பண்ணுவாக, சொல்லு?”

எனக்கும் அது பெரிய காரியமாகத்தான் பட்டது. சந்தோசமாக வாய்க்காலுக்குப் போனேன்.

மடைக்காரர் நாலாம் மடையில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துண்டை இடுப்பில் கட்டினார்.

“வாங்க சாமி. எனக்குச் சமாதியெல்லாம் கட்டியாச்சாமே? எந்தக் குகையில இருக்கேன்னு சொன்னீகன்னா, நானும் ஓர் எட்டுப் போயி என்னைக் கும்பிட்டுட்டு வந்துருவேன்.”

சிரிக்கவும் முடியவில்லை, சிரிக்காமல் இருக்கவும் முடியவில்லை. வரப்பில் உட்கார்ந்தேன். “ஏப்பா, நாங்க சொன்ன பொருள்ல எது சரி? நிசத்தைச் சொல்லு.”

“எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு சாமி. மூச்சு ரொம்ப நல்லா இருந்துச்சு. மூச்சை அடக்கி மடை திறந்து பாத்தேன், தும்மல்தான் வந்துச்சு.” மம்பட்டியில் இருந்த சேற்றை வழித்துப் போட்டார். “பத்தாம் வாசலு எனக்குத் தெரியாது. நான் சொன்னது உங்க மடத்து வாசலு. ஆறு படி. எண்ணி வச்சிருக்கேன்.”

சித்தப்பா சொன்ன வழியைச் சொன்னேன். சந்தனம், வேட்டி, மாலை, எல்லாம் சொன்னேன். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போகவில்லை. ஆனால் அப்படியே நின்றுவிட்டது.

“வேண்டாம் சாமி.”

“ஏன்?”

“பாட்டுல நான் வாசல்ல நின்னு கேக்குறேன். ‘வா’ன்னு இன்னும் ஆரும் சொல்லல. சொல்லலன்னா என்ன, நாளைக்குச் சொல்லுவாக, நாளான்னைக்குச் சொல்லுவாகன்னு சிரிச்சுக்கிட்டே பாடிக்கிட்டு இருக்கலாம். நீங்க எல்லாரும் இறங்கி வந்து, மாலையும் போட்டு, ‘அங்கனயே நில்லு’ன்னு சொல்லிட்டீகன்னா கேட்டதுக்குப் பதில் வந்துருச்சு. அதுக்கு மேல அந்தப் பாட்டை நான் எப்படிப் பாடுவேன்? வேட்டியைக் கட்டிக்கிட்டு ஊமையாத்தான் திரியணும்.”

அதைச் சொல்லிவிட்டுக் குனிந்து மடையில் ஒரு மம்பட்டி மண்ணை எடுத்துவிட்டார். தண்ணீர் சரசரவென்று என் வயலுக்குள் இறங்கியது. அன்று என் முறை. எனக்குத்தான் அவர் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்.

ஏழு நாள் யோசித்து நான் பத்தாம் வாசலைக் கண்டுபிடித்தேன். இந்த மனிதர் ஆறு படியை எண்ணிவிட்டு நிற்கிறார். வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்து, மூன்று வாரப் பொருளையும் முதலிலிருந்து படித்தேன். எல்லாமே சரியாகத்தான் இருந்தன. அதுதான் வேடிக்கை. எல்லாரும் சமம், எல்லாருக்கும் இடம் உண்டு என்று அழகழகாகச் சொல்லியிருந்தோம். சொன்னதை ஆன்மாவுக்குச் சொன்னோமே தவிர ஆளுக்குச் சொல்லவில்லை. அந்தப் பாட்டு நம் ஊரில் நின்று, நம் வாய்க்காலைக் காட்டி, நம்மையே கேட்கிறது. நாமோ அதைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுருளிமலைக் குகையில் வைத்துவிட்டோம்.

தை முதல் வெள்ளி வந்தது. மடம் நிறைந்துவிட்டது. அம்மன் படத்துக்குக் கதம்ப மாலை. அதன் முன்னால் மாக்கோலம் போட்டு மனைப்பலகை காலியாக இருந்தது. ஒரு பக்கம் பெண்கள், நடுவில் என் மனைவி, பக்கத்தில் மொச்சைச் சுண்டல் அண்டா. வெளியே பூவரச மரத்தடியில் மடைக்காரர். வேட்டி வாங்க வரவில்லை, வழக்கம்போலக் கேட்க வந்திருந்தார். என் மனைவிதான் போய், “வழக்கமா வந்து நிக்கிற மாதிரி வந்து நில்லுங்கண்ணே, மிச்சத்தை அம்மன் பாத்துக்கிருவா” என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

அன்று பொருள் சொல்லும் முறை திரும்பவும் எனக்கு. எழுந்தேன். புதிதாகப் பொருள் ஒன்றும் சொல்லப்போவதில்லை, முன்பு சொன்னதைப் படிக்கிறேன் என்று சொல்லிவிட்டு நோட்டைத் திறந்தேன். முதலில் என்னுடையதைப் படித்தேன். படித்துவிட்டு, “பாட்டைக் கட்டின நம்ம மடைக்காரரையே கேட்டேன். இந்தப் பொருள்படி மூச்சை அடக்கிப் பாத்தாராம், தும்மல் வந்துச்சாம்” என்றேன். பெண்கள் பக்கம் முதலில் சிரிப்பு கிளம்பியது. பிறகு எல்லாரும். கஞ்சிராக்காரர் சிரித்ததில் கஞ்சிரா தானாகக் குலுங்கியது. எண்ணெய்க்கடைக்காரருடையதைப் படித்தேன். நானூறு வருசம் வந்த இடத்தில், “போதும்ப்பா, விட்ரு” என்று அவரே காதைப் பொத்திக்கொண்டார்.

கடைசியாகச் சித்தப்பா சொன்னது. அதைச் சிரிக்காமல்தான் படித்தேன். “அவ சன்னிதியில முதல் வயலு, கடை வயலுன்னு ரெண்டு உண்டாப்பா? உண்டுன்னு நினைக்கிறவன் இந்தப் பாட்டை வாயால தொடக்கூடாது.”

எல்லார் கண்ணும் சித்தப்பா மேல். அவர் தலையை ஆட்டினார். “என் வாயாலயே என்னைக் கட்டிப்போட்டியேடா. கையெழுத்து நல்லா இருக்குன்னு உன் கையில நோட்டைக் குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்.”

பின்னால் இருந்து ஒருவர், “இருந்தாலும், அவனை உள்ள கூப்பிட்டா சாமி என்ன நினைக்குமோ?” என்றார்.

“அதுவும் சரிதான்” என்றார் சித்தப்பா. “நான் சொல்றதும் வேண்டாம், இவன் சொல்றதும் வேண்டாம். அவகிட்டயே கேட்டுருவோம். பூக் கட்டிப் போடுங்க.”

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க, கிணறு வெட்ட, எதற்கும் இதுதான் வழக்கம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலத்தில், சிவப்புப் பூ ஒரு பொட்டலத்தில் கட்டி அம்மன் முன்னால் போடுவோம். விவரம் தெரியாத குழந்தை ஒன்றை எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் இல்லை. என் மனைவி எழுந்து மடத்துக்குப் பின்னால் இருந்த அரளிச் செடிக்குப் போனாள். வாழை இலையைக் கிழித்து, நாரால் கட்டி, இரண்டு பொட்டலம் தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். தாயே, வாழ்நாளில் உன்னிடம் மழை கேட்டிருக்கிறேன், பிள்ளை கேட்டிருக்கிறேன், மாட்டுக்குச் சீக்கு தீரக் கேட்டிருக்கிறேன், இன்றைக்கு இந்த ஒன்றைக் கொடு என்று மனதுக்குள் மன்றாடினேன். மறுபடி கேட்க மாட்டேன் என்று சொல்லவில்லை. அந்த அளவுக்குத் துணிச்சல் இல்லை.

சித்தப்பாவின் பேத்தி, நடக்கப் பழகிய குழந்தை, தட்டை நோக்கித் தத்தித் தத்திப் போனது. ஒன்றை எடுத்து வாயில் வைக்கப் போனது. சித்தப்பா வாங்கிப் பிரித்தார்.

வெள்ளை.

பெண்கள் குலவை போட்டார்கள் பாருங்கள், மடத்து ஓட்டில் இருந்த புறா எல்லாம் பறந்துவிட்டது. சித்தப்பா மற்றப் பொட்டலத்தையும் எடுத்தார். நார் முடிச்சு தளர்ந்திருந்தது. கொஞ்சம் விலக்கிப் பார்த்தார், மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு எழுந்து வாசலுக்கே போனார். நிலையைப் பிடித்துக்கொண்டு, மரத்தடியைப் பார்த்து, ஒரு தடவை தொண்டையைக் கனைத்தார். பிறந்ததிலிருந்து ‘ஏலே’ என்று கூப்பிட்ட ஆள். அதற்கு மேல் என்ன சொல்வது என்று அவருக்கே தெரியவில்லை. கடைசியில் பாட்டில் கேட்ட சொல்லே வந்தது, கொஞ்சம் கூட்டி.

“வாங்க.”

மடைக்காரர் மம்பட்டியை மரத்தில் சாய்த்தார். என் மனைவி ஒரு குடம் தண்ணீரோடு இறங்கி அவர் காலில் ஊற்றினாள். “சேறு போகட்டும்ண்ணே, கோலம் அழிஞ்சா நாந்தான் மறுபடி போடணும்.” அவர் ஒவ்வொரு படியாக ஏறினார். உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டு வருகிறார் என்று எனக்குத் தெரிந்தது. ஆறாவது படி முடிந்து நிலையைத் தாண்டியவர், உள்பக்கம் இருட்டில் கால் இடறி, சித்தப்பா தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். இருவருமே ஒரு கணம் திகைத்தார்கள். கையை எடுக்க அவர் அவசரப்பட, சித்தப்பா, “பாத்து, பாத்து” என்று அந்தக் கையைப் பிடித்தபடியே பலகைவரை கூட்டிவந்தார்.

பிறகு அவர் பாடினார். இப்போதும் நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. நாங்கள் மூன்று வாரம் ஆர்மோனியத்தில் இழுத்து இழுத்து அழுது பாடிய பாட்டு, அவர் வாயில் துள்ளிக்கொண்டு வந்தது. மம்பட்டி ஏறி இறங்குகிற வேகம் அது. ஆர்மோனியத்தால் பின்னால் ஓடிவர முடியவில்லை. ‘ஒரு நாளும் கேக்கலையே’ என்பதைத் தலையை ஆட்டிக் கேலியாகச் சொன்னார். பெண்கள் கை தட்டிக் கும்மி போட்டார்கள். நாங்கள் புலம்பல் என்று எடுத்துக்கொண்டது கிண்டல். வாசலில் நிற்கிறவனுடைய கண்ணீர் என்று நினைத்தோம். அது, கதவைத் தட்டிவிட்டு ‘உள்ளே ஆளு இருக்கா?’ என்று கேட்கிறவனுடைய சிரிப்பு. மெட்டைக் கேட்காமல் சொல்லை மட்டும் வாங்கிவந்து பொருள் சொன்னால் இப்படித்தான் ஆகும்.

முதல் கரண்டிச் சுண்டல் அவருக்கு என்று எடுத்துப் போனபோது எண்ணெய்க்கடைக்காரர் மறித்தார். “சட்டம் சட்டம்தான். பொருள் சொன்னாத்தான் சுண்டல்.”

மடைக்காரர் எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். “ஏழு படி இருக்குய்யா” என்றார். “வெளிய இருந்து எண்ணுனப்ப ஆறுதான் தெரிஞ்சுச்சு. ஒண்ணு உள்ளுக்குள்ள இருக்கு. ஏறி வந்தாத்தான் தெரியுது. அம்புட்டுத்தான் எனக்குத் தெரிஞ்ச பொருளு.”

வருசக்கணக்காக அந்தப் படியில் ஏறி இறங்கியவர்கள் நாங்கள். ஒருவனாவது எண்ணியிருந்தால்தானே? எண்ணெய்க்கடைக்காரர் எழுந்து போய் எண்ணிவிட்டே வந்தார். “ஏழுதான்” என்று ஒப்புக்கொண்டு, தன் கையாலேயே கரண்டியை வாங்கி இலையில் போட்டார். மடைக்காரர் நாலு வாய் தின்றுவிட்டு எழுந்துவிட்டார். முதல் மடையை அடைக்க வேண்டுமாம். “இருந்தா உங்க வயலு ரொம்பி வரப்பு ஒடைஞ்சுரும்யா” என்று சித்தப்பாவிடம் சொல்லிவிட்டு, ஏழு படியும் இறங்கிப் போனார்.

எல்லாரும் கிளம்பிய பிறகு சித்தப்பா என் மனைவியிடம் வந்தார். இடுப்பிலிருந்து அந்தப் பொட்டலத்தை எடுத்து அவள் தட்டில் போட்டார். “ஏத்தா, அடுத்த தடவை பூக் கட்டும்போது ஒண்ணுலயாச்சும் செவப்பு வை. வேற எவனாச்சும் பிரிச்சுப் பாத்துருவான்.”

பொட்டலத்துக்குள் வெள்ளை அரளி.

“அதுக்கு அவகிட்ட ரெண்டு பதில் இருக்கணுமே மாமா” என்றாள் இவள், அண்டாவைக் கழுவிக்கொண்டே.

சித்தப்பா துண்டால் முகத்தைத் துடைப்பதுபோல மூடிக்கொண்டு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். எனக்கு மட்டும் பயம். மறுநாள் காலையில் தேங்காய் வாங்கிப்போய் உடைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அவளையும் கூப்பிட்டேன். “நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன், மன்னிப்புக் கேக்க?” என்று வர மறுத்துவிட்டாள். தேங்காய் அழுகாமல் நல்லபடியாகத்தான் உடைந்தது.

அதோடு ஊர் திருந்திவிட்டது என்று நான் எழுதினால் அம்மன் என்னைச் சும்மா விடமாட்டாள். இரண்டு பேர் மடத்துக்கு வருவதை நிறுத்தினார்கள். பெரிய கோயில் வாசல் வேறு, குடிதண்ணீர்க் கிணறு வேறு, அவையெல்லாம் அப்படியே இருந்தன. எங்கள் மடம் ஒன்று திறந்தது. அவ்வளவுதான். ஆனால் அது பிறகு சாத்தப்படவில்லை. அடுத்த வெள்ளி மடைக்காரர் தம்பியையும் கூட்டிவந்தார். நிலைக்கு உள்ளே அந்த ஏழாம் படியில் யாரோ ஓர் அகல் ஏற்றி வைத்திருந்தார்கள். புதிதாக வருகிறவர்களுக்குக் கால் இடறாமல் இருக்க. வைத்தது சித்தப்பா என்று பிறகுதான் தெரிந்தது.

மாசிமாதம் அறுப்புக்குப் போய்வந்த மனைவி, புதிதாக நாலு வரியை முணுமுணுத்தாள்.

ஆறு படி எண்ணி வச்சேன்
ஏழாம் படி உள்ளிருக்கு
எண்ணாம ஏறி வந்தா
எல்லாருக்கும் இடமிருக்கு

நோட்டை எடுத்தேன். எழுதுவதற்கு முன்னால், “இது ஆரு பாட்டு?” என்று கேட்டேன்.

“இப்பத்தான் கேக்கத் தெரிஞ்சிருக்கு” என்றாள்.

சொன்னாள். இடது பக்கம் பாட்டை எழுதி, அதற்குக் கீழே முதல் முறையாக, பாட்டுக் கட்டியவர் யார் என்பதை எழுதினேன். வலது பக்கத்தைப் பொருளுக்காக விட்டுவைத்தேன். வெள்ளிக்கிழமை எல்லாரும் அதைப் பாடினோம், எல்லாரும் சுண்டல் தின்றோம். பொருள் சொல்ல ஒருவரும் எழுந்திருக்கவில்லை. சட்டத்தை ஒருவரும் ஞாபகப்படுத்தவும் இல்லை.